முட்டாள் கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு எத்தனை நட்சத்திரம்?

எங்களை முட்டாள்கள் என்று எழுதிய ஒருவருக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் போடலாம்? ஒன்லைனில் பாகம் விற்றவருக்கு நட்சத்திரம் போடும் அந்தப் பெட்டி இரண்டு மாதமாக வெறுமையாகக் கிடக்கிறது. ஒருநாள் மூன்று போட்டேன், அனுப்பாமல் அழித்தேன். மறுநாள் ஐந்து போட்டேன். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது மனம் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அதையும் அழித்தேன்.

சுன்னாகத்தில் ஒரு மணிக்கூட்டுக் கடையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். கடை சிவம் அண்ணையுடையது. சாவி கொடுத்து ஓடும் பழைய மணிக்கூடுகளுக்கான பாகங்கள் இங்கே கிடைப்பதில்லை. வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் ஒன்லைனில்தான் வாங்கவேண்டும். அண்ணைக்குக் கை ஓடும், ஆங்கிலம் ஓடாது. எனக்கு மறுபக்கம். காலையில் மகளை இணுவிலில் முன்பள்ளியில் விட்டுவிட்டு வருவேன். பன்னிரண்டு மணிக்கு அவளை எடுக்கப் போகவேண்டும். அதுவரை என் வேலை, கடிதம் எழுதுவது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாடசாலையில் படித்த கடித முறையை மறந்துவிடுங்கள். முதல் நாள் நான் ஒரு திருகாணிக்காக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நலம் விசாரித்து, எங்களை அறிமுகப்படுத்தி, இடையூறுக்கு மன்னிப்புக் கேட்டு, கடைசியில் திருகாணிக்கு வந்தேன். பதில் இரண்டு சொல்: "என்ன வேண்டும்?"

தயாபரனின் மாமனார்

இந்தக் கதை தயாபரனின் மணிக்கூட்டில் தொடங்குகிறது. அவர் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். கலியாணத்தன்று மாமனார் தன் கையிலிருந்த பழைய மணிக்கூட்டைக் கழற்றி அவருக்குக் கட்டிவிட்டாராம். மனுசன் அதைத் தோட்டத்துக்கும் கட்டிக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டியின் சீமெந்துக் கட்டில் விழுத்திவிட்டார்.

"தங்கச்சி, மாமா கனடாவிலையிருந்து ஆறு கிழமையிலை வாறார். வந்திறங்கினவுடனை முகத்தைப் பாக்கமாட்டார், கையைத்தான் பாப்பார்."

"வேறை ஒண்டை வாங்கிக் கட்டுங்கோவன்" என்றார் அண்ணை.

"உங்களுக்கு என்ரை மாமாவைத் தெரியாது, சிவம் அண்ணை!"

பலன்ஸ் ஸ்ராஃப் முறிந்திருந்தது. மணிக்கூட்டின் உள்ளே முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தின் அச்சு அது, ஊசிமுனையிலும் மெல்லியது. "ஆறு கிழமைக்குள்ளை முடிச்சுத் தருவம்" என்று நான் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். சொன்னது சொன்னதுதான்.

அந்தக் கம்பனி மணிக்கூட்டுக்கான ஸ்ராஃப் ஜேர்மனியில் ஒருவரிடம் இருந்தது. அவருடைய பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: முட்டாள் கேள்விகளுக்குப் பதில் இல்லை. நான் பயந்து பயந்து, "இது முட்டாள் கேள்வியோ தெரியவில்லை, மன்னிக்கவும். பாகம் புதியதா?" என்று எழுதினேன்.

பதில் வந்தது. "ஆம், முட்டாள் கேள்விதான். முதல் வரியிலேயே புதியது என்று போட்டிருக்கிறேன்."

அண்ணைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கண்ணிலிருந்த லென்சைக் கழற்றாமலே, "பதில் இல்லையெண்டு போட்டிட்டுப் பதில் போட்டிருக்கிறான். நல்லவன் போலை கிடக்கு, வாங்கு" என்றார்.

யாருடைய ராகு காலம்?

அன்று வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. பணம் அனுப்பப் போனேன். அண்ணை கையைப் பிடிக்காத குறை.

"பொறு பிள்ளை! ராகு காலம். பன்ரண்டுக்குப் பிறகு அனுப்பு."

"பன்ரண்டுக்கு நான் பிள்ளையை எடுக்கப் போகோணும் அண்ணை."

"எடுத்துக்கொண்டு வந்து அனுப்பு. ராகு காலத்திலை வாங்கின சாமான் ஓடுமோ?"

எனக்கும் உள்ளூரப் பயம்தான். அதனால் அந்த மனிதருக்கு உண்மையை எழுதினேன். இங்கே இது கூடாத நேரம், பன்னிரண்டுக்குப் பிறகு பணம் அனுப்புவேன், தயவுசெய்து எடுத்து வையுங்கள். நம்பிக்கைக்காகத் திறந்த மணிக்கூட்டின் படத்தையும் பின்மூடியிலிருந்த இலக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

"இங்கே இப்போது காலை ஏழரை. எந்த மணிக்கூட்டின்படி கூடாத நேரம்?" என்று கேட்டார்.

அண்ணைக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. "அங்கை ராகு காலம் எப்ப துவங்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இரண்டு பேரும் கடதாசியில் கணக்குப் போட்டோம். எங்கள் ராகு காலம் முடிந்து அவருடையது தொடங்குவதற்கு முன் இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஒருவருக்கும் பழுதில்லாத நேரம். பெரிய நிம்மதியோடு மகளை எடுக்கப் போனேன்.

மகளோடு திரும்பி வந்து பார்த்தால் ஒரு வரி: "உங்களுக்கு விற்கமாட்டேன்."

காரணம் இல்லை. தயாபரனுக்கு வாக்குக் கொடுத்தவள் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோபக் கடிதம் எழுதினேன். அதிலே மிகக் கடுமையான வசனம் இது: "உங்களை நல்ல பெற்றோர் வளர்த்திருப்பார்கள் என்றே நான் தொடர்ந்தும் நம்ப விரும்புகிறேன்." அனுப்பியபின் மூன்று தடவை வாசித்தேன். தாய் தகப்பனை இழுத்திருக்கக் கூடாது என்று பட்டது.

ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. "முட்டாள்களே, நீங்கள் அனுப்பிய படத்திலிருக்கும் இயந்திரத்துக்கு இந்தப் பாகம் பொருந்தாது. பின்மூடியில் இருப்பது மூடியின் இலக்கம். ஆடும் சக்கரத்துக்குக் கீழே பாருங்கள்."

அண்ணை பார்த்தார். வேறு இலக்கம். "அந்த இலக்கத்தைப் பாத்து எழுது" என்று பாகம் தேடிய அன்று அவர் சொன்னபோது, பின்மூடியில் பெரிதாகத் தெரிந்ததை எழுதியது நான்தான். அவரோ, "ராகு காலம் எங்களைக் காப்பாத்திப்போட்டுது" என்றார். சரியான பாகமும் அந்த மனிதரிடமே இருந்தது. ராகு காலம் பார்த்தே பணம் அனுப்பினேன், ஆனால் அதைப்பற்றி எழுதவில்லை.

நாலரைக் கிழமையில் பார்சல் வந்தது. ஒன்றுக்குத்தான் ஓடர் கொடுத்தோம், உள்ளே இரண்டு ஸ்ராஃப் இருந்தன. கூடவே ஒரு துண்டுக் கடதாசி: "இரண்டாவது, முதலாவதை நீங்கள் முறித்த பிறகு."

"என்ன திமிர் பார் உவனுக்கு!" என்று அண்ணை கொதித்தார். அடுத்தநாள் முதலாவதை முறித்தார். "உதை அவனுக்கு எழுதிப்போடாதை பிள்ளை" என்றார். இரண்டாவதைப் பூட்டியபோது நாங்கள் இருவரும் மூச்சுக்கூட விடவில்லை. ஓடியது.

மாமனார் வந்த மறுநாள் தயாபரன் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை.

"கையைப் பிடிச்சுக் காதிலை வைச்சுக் கேட்டவர், தங்கச்சி. பிறகு தன்ரை போனோடை ஒத்துப் பாத்தவர். 'இது என்னட்டை இருக்கேக்கை ஒரு நாளும் சரியான நேரம் காட்டினதில்லை. எங்கை விழுத்தினனீர்?' எண்டு கேக்கிறார். கொஞ்சம் பிந்தி ஓட விட்டிருக்கக் கூடாதோ?"

அண்ணை சிரித்த சிரிப்பில் லென்ஸ் கழன்று மேசையில் விழுந்தது. தயாபரனும் சிரித்துவிட்டார். மாமனார் தன்னிடமிருக்கும் இன்னொரு பழுதான மணிக்கூட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

இலக்கத்தைச் சக்கரத்துக்குக் கீழே பார்க்கவேண்டும், முதல் கடிதத்திலேயே படம் வைக்கவேண்டும், நலம் விசாரிக்கக் கூடாது. நான் கற்றது இவ்வளவுதான். மாமனாரின் மணிக்கூட்டுக்கும் அந்த மனிதரிடமே பாகம் கேட்கவேண்டியிருக்கிறது. அதற்கு முன் நட்சத்திரம் போடாமல் விடுவது மரியாதையில்லை.

அண்ணை ஐந்து என்கிறார். என் கணவர், "பெண்பிள்ளையை முட்டாள் எண்டவனுக்கு மூண்டே கூட" என்கிறார். ஐந்து போட்டால் அந்த வாயையும் மெச்சியதாகிவிடும். மூன்று போட்டால் அந்த இரண்டாவது ஸ்ராஃப் என் கண்ணுக்குள் வந்து நிற்கும். பெற்றோரைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்பும் கேட்கவேண்டும், ஆனால் நீளமான கடிதம் அவருக்குப் பிடிக்காது. வாசிக்கும் நீங்கள் சொல்லுங்கள்: எத்தனை போடட்டும்? மன்னிப்பை எத்தனை சொல்லில் முடிக்கட்டும்? முட்டாள் கேள்வியென்றாலும் பரவாயில்லை, பதில் எழுதுங்கள்.