முதல் பிடி புண்ணாக்கு

குற்றாலத்தில் சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவேன். மற்ற மாதங்களில் கிடைத்த வேலை, கிடைத்த ஊர். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தென்காசியில் கொஞ்சகாலம் நிலையாக இருந்தது ஒரு கறவைப் பசுவால்தான். இலத்தூர்ப் பக்கம் ஒரு எண்ணெய் மில்லில் வாங்கிய கடலைப் புண்ணாக்கைத் தின்று, ரத்தமாகக் கழிந்து அது செத்தது. கால்நடை டாக்டர் புண்ணாக்கை உதிர்த்து, அதில் கலந்திருந்த ஆமணக்கு விதைத் தோலைப் பொறுக்கிக் காட்டினார்; மாட்டுக்கு அது விஷம் என்றார். மில்லுக்குப் போனேன்.

“ஏலே, கெழட்டு மாட்ட வச்சுக்கிட்டு எம் புண்ணாக்கையா கொற சொல்லுத? போல அங்கன!” என்றார் முதலாளி.

அடுத்த சாரலில் என்னிடம் முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் ஒரு கல்லூரி வாத்தியார். உடம்பின் செல்லுக்குள் விஷம் போகும் வழியை ஆராய்பவராம். ஆமணக்கைப் பற்றிக் கேட்டேன்.

“அது கதவ ஒடைக்கது இல்லப்பா. செல்லே அத ஒரு பைக்குள்ள சுருட்டி உள்ள எடுத்துக்கிடுது. பாதி உள்ளயே அழிஞ்சிரும். கொஞ்சம் மட்டும் பின்வழியா, புரதத்த மடிச்சு அனுப்புத அறைக்குப் போயிரும். அங்க போயி ஒடஞ்ச சரக்கு மாதிரி நடிக்கும். கழிவுன்னு செல்லே அத அந்த அறைய விட்டு வெளிய தள்ளும். தள்ளுன எடத்துலதான் புரதம் செய்யுத மெஷினெல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணா கெடுத்துரும்.”

“அப்ப சுமந்துட்டுப் போறது பூரா செல்லோட ஆளுகதானா சார்?”

“பூரா அவங்க ஆளுதான். கழுத்துல இன்னும் கொஞ்சம் அழுத்து.”

சாரல் முடிந்ததும் அதே மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். முதலாளிக்கு என் முகம் நினைவில்லை. தோள் புண்ணாகி, காய்த்துப்போனது.

கேரளத்துக்கு லோடு ஏற்றுமுன், சரக்கு நல்லது என்று காட்ட முதல் பிடியை முதலாளியின் பசுவுக்குக் கொடுப்பது அந்த மில் வழக்கம். அவர் கொடுப்பதோ தனியாக வைத்திருந்த நல்ல மூட்டையிலிருந்து. ஒருநாள் புனலூர் வியாபாரி நேரில் வந்து நின்றார். நான் லாரிக்குப் போகும் மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளிப் பசுவின் வாயருகே நீட்டினேன். தின்றால் தின்னட்டும் என்றுதான் நீட்டினேன்.

முதலாளி வேட்டி அவிழ ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். “ஏலே, அதக் குடுக்காதல! செத்துரும்!”

“எந்தா அண்ணாச்சி?” என்றார் வியாபாரி. “உங்க பசு செத்துரும்னா, எங்க பசுவுக்கு மாத்திரம் ஆகுமோ?”

லாரி காலியாகத் திரும்பியது. சிதறிய புண்ணாக்கை முதலாளியே குனிந்து, பசுவின் காலடியில் துகள் விடாமல் பொறுக்கினார். முழுவதும் பொறுக்கி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன்.