முதல் அளவீடு

விரல் நீளமுள்ள வால்வு அது. ராக்கெட்டின் எரிபொருள் குழாயில் பொருத்த வேண்டியது. திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, மூடிய பிறகு கசிகிறதா என்று பார்ப்போம். அன்று முதல் முறை கசிந்தது. அடுத்த இரண்டு முறையும் கசியவில்லை. முதல் அளவீட்டுக்கு எதிரே 'கருவிக் கோளாறு' என்று எழுதியவன் நான். ஏவுதலுக்கு அதிக நாள் இல்லை. கருவியை நான் சரிபார்க்கவும் இல்லை.

தர ஆய்வாளர் அதில் கையெழுத்திட மறுத்தார். அவர் திருத்துறைப்பூண்டி, நான் தஞ்சாவூர். அந்த உரிமையில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"ரெண்டு தடவை தேறிடுச்சேக்கா."

"மேல போனப்புறம் முதல் தடவைதான் தம்பி இருக்கு. ரெண்டாவது தடவை ஏது?"

வால்வை மாற்றினார்கள். ஏவுதல் தள்ளிப்போனது. பிறகு ராக்கெட் ஒரு குறையுமில்லாமல் பறந்தது. அதுவே அவருக்கு வினையாயிற்று. கேன்டீனில் அவரைக் கண்டதும், "அக்கா வர்றாங்க, தட்டு கசியுதான்னு பாத்துக்கங்கடா" என்று சிரிப்பு எழும். அவர் மேசையில் மற்ற நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். நானும் தள்ளித்தான் உட்கார்ந்தேன். விபத்து நடந்தால் எச்சரித்தவரைத் தேடுவார்கள். நடக்காமல் தடுத்தவர் கையில் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. கழற்றிய வால்வைப் பிரித்துப் பார்க்கும்படி மேலிடத்துக்குப் பலமுறை எழுதினார், பதிலில்லை. கடைசியில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு, யாருக்கும் தெரியாமல் நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். வால்வு மூடும் வளையத்தில் மயிரிழை போல ஓர் உலோகச் சீவல். முதல் மூடலில் இடையே சிக்கி, பிறகு ஒதுங்கியிருக்கிறது. இன்னொரு முறை எந்தப் பக்கம் நகர்ந்திருக்குமோ. டைரியில் குறித்ததோடு சரி. வெளியே சொன்னால் நான் எழுதிய அந்த இரண்டு சொற்களும் வெளியே வரும்.

இதெல்லாம் நடந்து பல வருடங்களாயிற்று. மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. பழைய டைரிகளை வரிசைப்படுத்தும்போது அந்தப் பக்கம் அகப்பட்டது. சென்ற வாரம் திருத்துறைப்பூண்டிக்கு பஸ் ஏறினேன். சம்பா நட்டு முடித்த வயலோர வீட்டில் அக்காவும் தனியாகத்தான் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சியையாவது எதிர்பார்த்தேன்.

"என்னைக்குப் பிரிச்ச?"

தேதியைச் சொன்னேன்.

"அதுக்கு மறுநாள்தான என்னை வழியனுப்புனீங்க. மாலைகூட நீதான் போட்ட."

ஆமாம் என்றேன். அவர் எழுந்து வரப்பில் இறங்கி நடந்தார். வெகுநேரம் காத்திருந்தேன். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.