பனிக்கட்டிக்கு அடியில் நாற்பது வரிசை

குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும் ரோசோவில் ஜனவரியில் மழை பெய்தால், சாலை உறைந்து வழுக்கும் என்று ஊர்க்காரர்கள் வண்டியை மெதுவாக ஓட்டுவார்கள். ஆர்லிஸ் ட்வெய்ட் மட்டும் புல்லை நினைத்துத் தவிப்பாள். பனி எத்தனை அடி விழுந்தாலும் புல்லுக்கு அது போர்வைதான். அதன்மேல் மழை விழுந்து, நீர் அடிவரை இறங்கி உறைந்துவிட்டால் மேலே கண்ணாடி மூடி போட்டதுபோல ஆகிவிடும். கீழே புல் மூச்சுத் திணறிச் சாகும்.

ஊருக்கு வெளியே இருந்த புல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவள் பதினான்கு வருடமாக உதவியாளர். கோல்ஃப் மைதானக்காரர்களுக்கு ரைப்புல் என்றால் உயிர். ஐந்து நாளில் முளைக்கும், கண்ணைக் குளிர்விக்கும் பச்சை, எத்தனை பேர் மிதித்தாலும் தாங்கும். குளிரைத்தான் தாங்காது. தாங்குகிற ஒன்றை உண்டாக்குவதுதான் பண்ணையின் வேலை.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. தேவாலயத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாசல் புல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் புருஷன் டெல்மர் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கில் பனித்தளம் போடுகிறவன். "நான் ஐஸ் போட்டுச் சோறு திங்கிறேன், நீ ஐஸைத் திட்டியே சோறு திங்கிறே. நல்ல குடும்பம்" என்பான்.

ஒரு வருடம் அப்படி மழை உறைந்து, ஐஸ் எழுபத்தெட்டு நாள் கிடந்தது. ஏப்ரலில் ஒவ்வொரு மைதானமாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். எங்கும் வைக்கோல் நிறம். ஏரிக்கரை மைதானத்தில் பராமரிப்பாளர் ஓரின் ஸ்கார் செத்த புல்லைக் கிளறிப்போட உழவு யந்திரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பச்சையாக ஏதோ தெரிந்தது. ஆர்லிஸ் யந்திரத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"தள்ளு ஆர்லிஸ். மே பதினஞ்சுக்குத் திறக்கணும் எனக்கு."

"அதோ அந்தத் திட்டை மட்டும் எடுத்துக்கிறேன்."

"முந்நூறு ஏக்கர் செத்துக் கிடக்கு, நீ ஒரு தட்டுப் புல்லுக்கு வந்து நிக்கிறே. மண்வெட்டி வச்சிருக்கியா?"

"வண்டியிலயே கிடக்கு."

"வச்சிருப்பேன்னு தெரியும்" என்று யந்திரத்தை அணைத்தான்.

அந்தப் புல் உறைபெட்டிச் சோதனைகள் எல்லாவற்றிலும் பிழைத்தது. ஆனால் கதிரில் விதை பிடிக்கவில்லை. விதை இல்லாத ரகத்தை எந்த விவசாயி பயிரிடுவான்? நிறைய விதை பிடிக்கிற செடிகளோடு அதைக் கலந்து, முளைத்த நாற்றுகளில் தேர்ந்தெடுத்து, மறுபடி கலந்தாள். விதை கூடினால் குளிர் தாங்கும் சக்தி குறைந்தது. ஆறு கோடை இப்படியே போனது. கடைசியில் நாற்பது வரிசை நட்டாள்.

உறைபெட்டி குளிரை மட்டும்தான் சோதிக்கும்; ஐஸுக்கு அடியில் மூச்சுமுட்டலை எது தாங்கும் என்று பார்க்க ஒரு மோசமான குளிர்காலம் வேண்டும். வந்ததோ இரண்டு இளகிய குளிர்காலம். எல்லாம் பிழைத்தது, எது வலியது என்று தெரியவில்லை. ஊரே சந்தோஷப்பட்டபோது அவள் மழை மேகத்தைத் தேடி வானத்தைப் பார்த்தாள். ஓரினின் மைதானம் மறுபடி சாகவேண்டும் என்று தான் வேண்டுவதைக் கண்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

பண்ணைத் தலைவர் பிராண்ட்வோல்ட் அவளைக் கூப்பிட்டார். "வர்ற கோடையோட ரைப்புல் வேலையை நிறுத்தச் சொல்லி மேலிடத்துலேர்ந்து எழுதிட்டாங்க, ஆர்லிஸ். முடிவு ஒண்ணும் கையில இல்லைன்னா நான் என்னத்தைச் சொல்ல?"

"எனக்கு ஒரு குளிர்காலம் குடுங்க."

"ஐஸை நான் எங்கிருந்து வரவழைக்கிறது?"

வீட்டுக்கு வந்து டெல்மரிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டான்.

"எத்தனை அடிக்கு எத்தனை அடி?"

"எது?"

"உன் நாத்துப் பாத்திதான். தண்ணிக் குழாய் எட்டுமா அங்க? ஐஸை நான் போட்டுத் தர்றேன்."

ஜனவரியில் இரண்டு வாரம், அரங்கு வேலைக்கு முன்பு தினமும் காலையில் பண்ணைக்கு வந்தான். நாற்பது வரிசையையும் சுற்றிப் பலகை அடித்து, தண்ணீரைத் தூறலாகத் தெளித்து, ஒரு படலம் உறைந்த பிறகே அடுத்ததைப் போட்டான். அவள் அவசரப்படுத்தினாள். "மொத்தமா ஊத்திடேன்."

"ஊத்தினா நடுவுல காத்து மாட்டிக்கும். ஒரு குமிழி இருந்தாப் போதும், உன் புல்லு அதுல மூச்சு விட்டுப் பொழைச்சுக்கும். அப்புறம் அது பலசாலின்னு நீ ஏமாந்து போவே."

எண்பத்திரண்டு நாள் அந்த ஐஸை அவன் காத்தான். வெயில் உறைத்த நாளில் மேலே மரத்தூளும் போட்டு மூடினான்.

உருகியபோது புளித்த நாற்றம் அடித்தது. நாற்பது வரிசையும் பழுப்பு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை முழங்காலில் ஊர்ந்து பார்த்தாள். "வீட்டுக்குப் போம்மா" என்றார் பிராண்ட்வோல்ட். அவள் போகவில்லை. பதினோராம் நாள் முப்பத்தொன்றாம் வரிசையில் ஊசிமுனை அளவு பச்சை. அடுத்த நாள் அந்த வரிசையில் பாதி எழுந்துவிட்டது.

அவள் நம்பி வைத்திருந்த கரும்பச்சை வரிசைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முப்பத்தொன்றாம் வரிசையோ வெளிறிப்போன சோனி. இலையுதிர் காலத்திலேயே பிடுங்கி எறிய நினைத்து, குச்சியில் சிவப்பு நாடா கட்டியிருந்தாள். சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இத்தனை வருடமாகத் தவறான செடிகளையே கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"விதை பிடிக்குமா இது?" என்று கேட்டார் பிராண்ட்வோல்ட். அவர் குரல் மாறியிருந்தது.

"பிடிச்சது. நிறம் பிடிக்கலைன்னு நான்தான் கழிச்சு வச்சேன்."

வேலை நிற்கவில்லை. நிறத்தைத் தேற்ற இன்னும் ஐந்து வருடம் பிடித்தது. ரகம் வெளிவந்த ஆண்டு, ஊருக்கு மேற்கே ஒரு விவசாயி நாற்பது ஏக்கரில் விதைக்கு வளர்த்தார். அறுவடையைப் பார்க்கப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த அறிமுகத் தாளில் ரகத்தை உருவாக்கியவர்கள் என்று இரண்டு பெயர் இருந்தது. முதலாவது பிராண்ட்வோல்டுடையது, இரண்டாவது அவளுடையது. அதை ஒரு தரம் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள்.

வயலின் நடுவே ஒரு கதிர் மற்றவற்றைவிட உயரமாக நிற்பது அவள் கண்ணில் பட்டது. கலப்புச் செடி; அதன் விதை சேர்ந்தால் ரகம் கெட்டுவிடும். எழுந்து வயலுக்குள் இறங்கிவிட்டாள். அதைப் பிடுங்கினால் அப்பால் இன்னொன்று.

"ஆர்லிஸ், வெளிய வா. வண்டியைக் கிளப்பிட்டேன்" என்று விவசாயி அறுவடை யந்திரத்தின் மேலிருந்து கத்தினார்.

"ரெண்டே ரெண்டு செடி" என்று சொல்லிக்கொண்டே அவள் இன்னும் உள்ளே போனாள்.