அண்ணன் சைக்கிளில் காற்று

"செவ்வாய்: என் சைக்கிளின் பின் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஓட்டையே இல்லாமலும் ஒரே வாரத்தில் காற்று இறங்கிவிடுகிறது." அடையாறு வீட்டில் இன்று நோட்டில் இப்படிக் குறித்ததும் கை நின்றுவிட்டது.

கடலில் குளிக்கப் போய்த் திரும்பாத அண்ணனின் சைக்கிள், எங்கள் பழைய மயிலாப்பூர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நின்றது. வால்வு மூடி மட்டும் பளபளக்கும். அம்மா தினமும் காலையில் டயரை அழுத்திப் பார்ப்பாள். கல் மாதிரி இருக்கும்.

"அவன் வந்துட்டுத்தான் போறான்" என்பாள். அண்ணனுக்குக் காரியம் செய்ய அவள் விடவேயில்லை.

அப்போது நான் இதைச் சொன்னதும் பஞ்சர் கடை பாய் சிரித்தார். "ஆறு மாசமா காத்து எறங்கலையா? யாரோ அடிக்கிறாங்க, நைனா."

அப்பாதான் என்கிறாள் அக்கா. எங்கள் வீட்டில் பம்ப் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா இருந்தவரை நான் கேட்கவில்லை. யார் அடித்தது என்பது இன்னும் உறுதியாகவில்லை.