அடுத்த டிவிசன்

என் வீட்டுக்காரருக்கு வழி கேட்பதென்றால் கௌரவக் குறைச்சல். ஈப்போவில் லாரி ஓட்டுகிறவராம், அவருக்கு யார் வழி சொல்வது! அன்று மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வு. அவள் ஆசைப்பட்டது எஞ்சினியரிங் ஒன்றுக்குத்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து விடியும்போதே கிளம்பிவிட்டோம்.

"எந்த கேம்பஸ்னு பாத்துக்கிட்டீங்களா?" என்று காரில் ஏறும்போதே கேட்டேன்.

"கேம்பஸ்னா என்னா? நம்ம தோட்டத்து டிவிசன் மாதிரிதான் லா. பெரிய ஆபீசுக்குப் போனா கை காட்டுவாங்க. நடந்தே போயிரலாம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. இரண்டு பேருமே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்துக்கு இரண்டே பிரிவு: மேல் டிவிசன், கீழ் டிவிசன், நடுவில் ஒரு செம்மண் சாலை. நாங்கள் கண்ட பெரிய இடம் அதுதான். பின்சீட்டில் மகள் கண்ணை மூடிக்கொண்டு பதில்களை முணுமுணுத்தபடி வந்தாள்.

பாலம் ஏறி பினாங்குத் தீவுக்குள் போய், பல்கலைக்கழக வாசலில் நிறுத்தினோம். அங்கிருந்த காவலாளி நம்மவர்தான். மகள் போனில் காட்டிய அழைப்புக் கடிதத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, இது மெயின் கேம்பஸ் லா. எஞ்சினியரிங் பாலத்துக்கு அந்தப் பக்கம். நீங்க வந்த வழியிலதான். தாண்டி வந்திட்டீங்க."

ஐயோ முருகா! நடுவில் கடலை வைத்துக்கொண்டு யாராவது டிவிசன் பிரிப்பார்களா?

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க? வழியில எறங்கி ஒரு வார்த்த கேட்டிருந்தா கொறஞ்சா போயிருவீங்க?" என்று கத்தினேன். அவர் காரைத் திருப்பினார். பாலத்தில் ஜாம். முன்னால் நின்ற லாரி நகர்வதாகவே இல்லை. நான் விடாமல் திட்டிக்கொண்டே வந்தேன்.

"அம்மா, போதும்மா. படிச்சதெல்லாம் மறந்து போவுது" என்றாள் மகள். அவள் குரல் உடைந்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது மற்ற பிள்ளைகள் எல்லாரும் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வாசலில் இருந்த மலாய்ப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்க் கேட்டு வந்து கதவைத் திறந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் சுவரோரமாகவே நின்றார்.

மகள் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் லேட்டுன்னு கேட்டாங்களா?"

"மொதல்ல அதத்தான் கேட்டாங்க. அப்பா தோட்டத்து டிவிசன் மாதிரி நெனச்சிட்டாருன்னு உண்மையச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"எப்படிச் சிரிச்சாங்க?"

கேட்டது அவர். மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்லாத்தான்பா" என்றாள்.

முடிவு இன்னும் வரவில்லை. மகளின் போன் சத்தம் போட்டாலே நான் அடுப்படியிலிருந்து ஓடி வருகிறேன். நேற்று வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் அறை வாசலில் போய் நின்றார்.

"நல்லாத்தானேம்மா சிரிச்சாங்க?"