அத்தானின் துவக்குக்கு எத்தனை வயது

நாடு விட்டு வந்து குடியேறிய மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக் குசினி மேசையில், குளியல் துவாயில் சுற்றிக் கிடந்தது அந்தத் துவக்கு. எண்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. விசையோடு சேர்ந்த இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். பழைய அமெரிக்க வேட்டைத் துவக்கு. எட்டுப் பட்டைக் குழல், தவிட்டு நிறத்தில் மங்கிப்போன இரும்பு. தொழிற்சாலை ஃபோர்மன் ஓய்வு பெற்றபோது, தன்னோடு பன்றி வேட்டைக்கு வந்த ஒரே தமிழன் என்று அக்காவின் கணவரான எங்கள் அத்தானுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். வேட்டைக்கென்றே லைசென்ஸ் எடுத்தவர் அத்தான். ஒரு பன்றியையும் சுட்டதில்லை என்பதை அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார்.

விற்க நினைத்தது தம்பியாருக்காக. ஊரில் ஆமிக்குப் பயந்து இளைஞர்கள் நிம்மதியாகப் படுக்க முடியாத காலம். அத்தானின் தம்பியாருக்கு விசா கிடைத்துவிட்டது. அது முடிவதற்குள் வந்து இறங்க வேண்டும். விமான டிக்கெட்டுக்குத்தான் வழியில்லை.

விலை தெரிய வேண்டுமென்றால் வயது தெரிய வேண்டும். அதில்தான் என் பொறுமை போனது. குழலில் ஓர் ஆண்டு பொறித்திருந்தது. அதுவே துவக்குப் பிறந்த ஆண்டு என்று அத்தான் பிடித்த பிடியை விடவில்லை. அது காப்புரிமை பதிந்த ஆண்டு, பிறகு செய்த துவக்குகளிலும் அதையே பொறித்திருப்பார்கள் என்று எல்லர்ஸ்லியில் துவக்குக் கடைக்காரர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். “செய்தவன் பார்த்துத்தானே அடிச்சிருப்பான். இண்டைக்குப் பார்த்தவன் வந்து மாத்திறதோ?” என்றார் அத்தான். எதற்கும் அவரிடம் இப்படி ஒரு வசனம் இருக்கும். கேட்க நன்றாயிருக்கும், அதை வைத்து ஒரு காரியமும் நடக்காது. சுவரில் மாட்டத்தான் சரி என்றார் இன்னொருவர். உடனே தருகிறீர்களா என்று கேட்டவரை அத்தான் நம்பவில்லை. சனிக்கிழமைகள் இப்படியே போயின.

கடைசியில் நகரத்து வியாபாரி ஒருவர் துவக்கின் அடியிலிருந்த இலக்கத்தைக் குறித்து அமெரிக்காவுக்கு எழுதினார். பல வாரம் கழித்துப் பதில் வந்தது. அத்தான் சொன்னதைவிடத் துவக்குக்கு வயது நன்றாகக் குறைவு.

“உங்கட வயசைக் குறைச்சுச் சொல்லி என்னைக் கட்டி வைச்சவை. துவக்குக்கு மட்டும் கூட்டிச் சொல்லுறியளே” என்றார் அக்கா.

ஆனாலும் நல்ல விலை போகும் என்றார் வியாபாரி. வாங்க ஒருவர் அடுத்த சனிக்கிழமை வருகிறார். டிக்கெட்டுக்குத் தாராளமாகக் காணும். ஏன் அந்த விலை என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த வாரம் சரஸ்வதி பூசை. அக்கா புத்தகங்களோடு அத்தானின் ஸ்பானர்களையும் படத்துக்கு முன்னால் அடுக்கினார். துவக்கையும் வைக்கச் சொல்லிவிட்டு அத்தான் வேலைக்குப் போனார். அழுக்கோடு ஓர் ஆயுதத்தைச் சாமிக்கு முன் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. த்ரீ கிங்ஸ் கடை வேலைக்கு அன்று லீவு போட்டிருந்த நான், எமரித் தாளும் பிராஸோவும் பழைய சாரத் துண்டுமாகப் பகல் முழுக்கத் தேய்த்தேன். தவிட்டு நிறம் போய் வெள்ளிபோல வந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மாலையில் வந்து பார்த்த அத்தான், “இப்பதான் துவக்கு மாதிரிக் கிடக்கு” என்றார்.

சனிக்கிழமை கடையில் துவாயை விரித்த வியாபாரி, குழலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பழைய நிறத்துக்குத்தான் விலை, இனி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார். வாங்க வந்தவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். யார் தேய்த்தது என்று வியாபாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், தான்தான் என்றார் அத்தான்.

காருக்குள் வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“விடு. வீட்டிலயும் நான்தான் எண்டே இருக்கட்டும்.”

கிடைத்த விலை டிக்கெட்டுக்குப் பாதிக்கும் காணவில்லை. விசா முடிந்தது. தம்பியார் ஏதேதோ நாடுகள் சுற்றி, பல வருடம் கழித்துக் கனடாவில் கரை சேர்ந்தார். அண்ணனும் தம்பியும் பிறகு ஒரே ஒரு தடவைதான் நேரில் கண்டார்கள்.

அத்தான் இறந்து நாலு வருடம். தம்பியார் இன்றும் போன் எடுத்தால் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். “அண்ணை அந்தத் துவக்கைத் தேய்க்காமல் விட்டிருந்தா நான் அங்கயே வந்திருப்பன். எத்தினை வருசம் அவரோட இருந்திருக்கலாம். ஆருக்குத் தெரியும், நான் வாறதில அவருக்கு மனமில்லையோ எண்டும் யோசிச்சனான்.” இந்த முறை சொல்லிவிடுவது என்றுதான் ஒவ்வொரு முறையும் போனை எடுக்கிறேன். “ஓம்” என்று மட்டும் சொல்கிறேன்.