தடிமல் மாத்திரையும் ரோதை முனியும்

என் கணவரின் வலது கை நடுங்கத் தொடங்கியபோது நாங்கள் குளிரைத்தான் திட்டினோம். பொகவந்தலாவையில் எது நடந்தாலும் முதலில் குளிருக்குத்தான் திட்டு விழும். பிறகு கிளினிக்கில் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள்.

அவர் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோதை மெஷினில் வேலை செய்தவர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லயத்து வீடுகளில் எல்லோருக்கும் நான் டீச்சர், அவருக்கும் டீச்சர்தான். மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்தோம், மாப்பிள்ளை கந்தப்பளைப் பக்கம். தாரை வார்க்கும்போது மகளின் கையைத் தன் கையில் ஏந்தி மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டுமே என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

"எல்லாரும் கையத்தான் பாப்பாங்க டீச்சர். மானம் போயிரும்."

நடுக்கத்தைக் குறைக்க டொக்டரம்மா ஒரு மாத்திரை தந்தார். வாய் காயும், மலச்சிக்கல் வரலாம், மூத்திரம் சரியாகப் போகாமல் இருக்கலாம், சிலருக்குப் புத்தி தடுமாறும், அப்படி ஏதும் நடந்தால் உடனே வாருங்கள் என்றார். கேட்காமல் வேறு மருந்து எடுக்கக் கூடாது, நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது என்றார். கடைசி வாங்குப் பிள்ளைகளைப் போல நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மாத்திரை வேலை செய்தது! கை அடங்கியது. நிரம்பிய பிளேன்டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு லய வாசல் முழுக்க நடந்து காட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பக்கத்துக் காம்பிராப் பெண்கள் கைதட்டினார்கள். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டாலும், தண்ணீரைக் குடித்துக் குடித்து அதையும் ஒரு விளையாட்டாக்கிவிட்டார். கல்யாண வீட்டுச் சிரிப்பு முன்கூட்டியே தொடங்கிவிட்டது.

அப்போதுதான் அடை மழை வந்தது, அவருக்கு மூக்கொழுகித் தடிமலும் வந்தது. எங்கள் லயத்தில் தடிமல் மாத்திரை மருந்துக் கணக்கில் சேராது. உப்பு, மிளகாய்த் தூளோடு அதுவும் அடுப்படித் தட்டில் இருக்கும். யாராவது தும்மினால் போதும், கையில் ஒன்றை வைத்துவிடுவார்கள். இடப்பக்கத்து வீட்டக்கா கொடுத்தார், என் அண்ணன் கொடுத்தார், நானும் கொடுத்தேன். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத மனிதர், எல்லாவற்றையும் விழுங்கினார். மறுநாளும் அப்படியே.

"டீச்சர், அந்த ஆட்டுக்குட்டிய அடுப்படிக்குள்ள விடாத."

எங்கள் வீட்டில் ஆடே கிடையாது. பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு ஆடுகள் பெருகின. கட்டிலில் ஒன்றுக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். கொடியில் தொங்கிய என் குளிர்ச்சட்டையைப் பார்த்து எழுந்து நின்று, "தொர வந்திருக்காரு, கதிரைய எடுத்துப் போடு" என்றார். முகம் சிவந்து உடம்பு காந்தியது. கண்மணி இரண்டும் விரிந்து கருகருவென்று இருந்தன.

"கண்ணப் பாரு. ரோதை முனிதான்," என்றார் அண்ணன். ஃபெக்டரியில் ரோதையைக் காக்கிற சாமி அது. "மக கல்யாணத்த வச்சிக்கிட்டு முனிக்கு ஒண்ணும் குடுக்காம விட்டுட்டீங்க. சேவல், சுருட்டு, சாராயம் வைக்கணும். இந்த இங்கிலீஷ் மாத்திரைய எல்லாம் சாக்கடக் கானுல வீசு."

பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? சேவல் தேடப் போனேன்.

நல்ல சேவலோடு திரும்பியபோது அவர் கக்கூஸிலிருந்து வந்தார். "வரமாட்டேங்குது டீச்சர். காலையில இருந்து ஒரு சொட்டு இல்ல." லயத்துச் சுவருக்கு இரகசியம் தாங்காது. ஒரு அக்கா சத்தம் கேட்டாவது வரட்டும் என்று பைப்பைத் திறந்துவிட்டார். அடிவயிறு கல்லாக இருந்தது. டொக்டரம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேவலை அண்ணன் கையில் திணித்தேன்.

"முனி காத்திருக்கட்டும்ணே. ஓட்டோவக் கூப்பிடு."

எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணன் சேவலையும் ஓட்டோவில் ஏற்றினார். வளைவுக்கு வளைவு அது என் மடியில் விழுந்தது. "ஆடு கூவுது பாரு டீச்சர்," என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். அவர் விட்ட "அப்பாடா" வார்டு முழுக்கக் கேட்டது. அங்கிருந்த வேறொரு டொக்டரம்மா, சிங்களவர், அரைகுறைத் தமிழில், "வேற மருந்து ஏதும் குடுத்தது?" என்று கேட்டார்.

"இல்லவே இல்லீங்க," என்று நானும் அண்ணனும் சத்தியம் செய்தோம்.

கூட வந்திருந்த இடப்பக்கத்து வீட்டக்காதான், "தடிமலுக்கு மட்டும் நான் சின்னது ஒண்ணு குடுத்தேன்," என்றார்.

"நீங்களுமா? நானும் குடுத்தேனே!" என்றேன்.

"நானுந்தான்," என்றார் அண்ணன்.

டொக்டரம்மா பேனையைக் கீழே வைத்தார். அந்தத் தடிமல் மாத்திரையும் நடுக்க மாத்திரையும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்பவை, சேர்ந்தால் வாயைக் காய வைத்து, மூத்திரத்தை அடைத்து, புத்தியையும் குழப்பும் என்றார். தடிமல் மாத்திரை இனி வேண்டாம். நடுக்க மாத்திரையைத் தான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், ஒரேயடியாக விட்டால் உடம்பு இறுகிப்போகும்.

இரண்டு நாளில் புத்தி தெளிந்தது. தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணத்தன்னிக்கு மட்டும் கூட்டிப் போடலாமா டொக்டர்?"

"முடியாது."

அவர் முகம் விழுந்துவிட்டது. "கை எப்படியும் ஆடட்டும். எனக்கு என் மனுசன் போதும்," என்று வார்டில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று கை ஆடியது. மகளின் கையை ஏந்தியதும் அவள் கையும் சேர்ந்து ஆடியது, வளையல்கள் கலகலத்தன. அவர் நிமிரவே இல்லை. மாப்பிள்ளை தன் இரண்டு கையையும் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "ஆடட்டும் மாமா, நாங்க புடிச்சிருக்கோம்ல," என்றார். மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவரும் நிமிர்ந்து, வாய்விட்டுச் சிரித்தார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மேளக்காரரும் வாசிப்பை விட்டுவிட்டார்.

தண்ணீர் ஊற்ற வேண்டியவள் நான். செம்பைச் சாய்த்தேன், பாதித் தண்ணீர் ஐயரின் மடியில் கொட்டியது. எல்லோரும் என் மனுசனின் கையைத்தான் பார்த்தார்கள். ஆடியது என் கை, எனக்கு ஒரு நோயும் கிடையாது.